ஐ.நா. பென்ஷனுக்கு இந்தியாவில் வரி உண்டா? ஆறு வருஷம் கட்டிவிட்டேன், இப்போதுதான் கேட்கிறேன்

பொருநைக்கரை
3 ஆகஸ்ட் 2025, காலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் சேரன்மாதேவிப் பக்கம், இப்போது பெருமாள்புரத்தில் இருக்கிறேன். ஐக்கிய நாடுகள் அமைப்பில் 26 வருஷம் வேலை. முதலில் அடிஸ் அபாபா, கடைசி பதினொரு வருஷம் நைரோபி. 62 வயது முடிந்து 2018 மார்ச்சில் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டேன்.

மாதம் 2,350 டாலர் பென்ஷன் நியூயார்க்கிலிருந்து நேராக இங்குள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்த முதல் வருஷமே ஒரு ஆடிட்டரிடம் போனேன். "வெளிநாட்டுப் பென்ஷன், சம்பளத் தலைப்பில் காட்டி வரி கட்ட வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். 2018-19 முதல் 2023-24 வரை ஆறு வருஷம், வருஷத்துக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறேன்.

போன வாரம் டெல்லியில் இருக்கும் பழைய சகா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லையே, நீ ஏன் கட்டுகிறாய்?" என்று கேட்டார். அதிலிருந்து தூக்கம் இல்லை. யார் சொல்வது சரி? கட்டியது திரும்பி வருமா? இன்னொரு விஷயம், மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கேயே வந்து இருங்கள் என்று கூப்பிடுகிறாள். போனால் வரி என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.


ஜங்ஷன் ஆடிட்டர்
3 ஆகஸ்ட் 2025, காலை 9.15

அண்ணாச்சி, உங்கள் டெல்லி நண்பர் சொன்னதுதான் சரி. இந்தியாவில் வசிக்கும் ஐ.நா. ஓய்வூதியருக்கு அந்தப் பென்ஷன் மீது வருமான வரி கிடையாது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைத் தவறவிட ஒரு காரணம் உண்டு. நாங்கள் விலக்கு தேடுவது வருமான வரிச் சட்டத்தின் 10ஆம் பிரிவில். இந்த விலக்கு அங்கே இல்லை. 1947ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகள் (சலுகைகளும் விலக்குரிமைகளும்) சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1946இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐ.நா. தன் அலுவலர்களுக்குத் தரும் சம்பளத்துக்கும் படிகளுக்கும் வரி இல்லை என்று அதில் 18ஆம் கூறு சொல்கிறது. ஆனால் அந்த வாசகத்தில் பென்ஷன் என்ற சொல்லே வராது. குழப்பம் தொடங்கியது அங்கேதான்.

வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனது. சம்பளத்துக்கு மட்டுமல்ல, பென்ஷனுக்கும் விலக்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. நம் வருமான வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் சம்பளம் என்பதற்குள் பென்ஷனைச் சேர்த்துத்தானே வைத்திருக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்தத் தீர்ப்பை ஏற்று 1981 பிப்ரவரி 10 அன்று 293ஆம் எண் சுற்றறிக்கை போட்டது. அதை எடுத்து ஒரு பிரதி பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் யாரிடமும் பேசப் போக வேண்டாம்.

பணம் திரும்பி வருமா என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளம்.


திசையன்விளை
3 ஆகஸ்ட் 2025, காலை 10.02

பொருநை அண்ணாச்சி, ஊருக்கு வந்த முதல் இரண்டு வருஷம் "வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல" என்ற நிலை உங்களுக்கு இருந்திருக்குமே? முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அந்த நிலை உண்டு. கத்தாரிலிருந்து திரும்பியபோது எனக்கு அப்படித்தான் போட்டார்கள். அப்போது வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. உங்கள் ஆடிட்டர் அதையுமா பார்க்கவில்லை?


ஜங்ஷன் ஆடிட்டர்
3 ஆகஸ்ட் 2025, காலை 10.40

தம்பி சொல்லும் நிலை சரி. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டில் கையில் வாங்கி, பிறகு இங்கே அனுப்பினால்தான் அந்தப் பலன். பணம் முதன்முதலாக வந்து விழும் இடமே இந்தியக் கணக்கு என்றால் அது இந்தியாவில் பெற்ற வருமானம். அண்ணாச்சிக்கு நியூயார்க்கிலிருந்து நேராக இங்கே வருகிறது. அதனால் அந்த வழி அவருக்கு உதவாது. அவருக்கு 1947 சட்டம்தான் துணை.

இன்னும் சர்வீஸில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெறும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால், வெளிநாட்டில் இருக்கும்போதே, அங்குள்ள கணக்கிலேயே வாங்கி முடித்துவிட்டு ஊருக்கு வாருங்கள்.


பாளை டீச்சர்
3 ஆகஸ்ட் 2025, மதியம் 12.20

நான் பாளையங்கோட்டையில் 33 வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சார் பணத்தை இழந்தது வருத்தம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன்.

என் பென்ஷனுக்கு வரி பிடிக்கிறார்கள். பிடித்தம் போக வருவதில்தான் மருந்து, கரண்ட் பில், பேத்தி ஃபீஸ் எல்லாம். இதே ரோட்டில் நடந்து, இதே தாமிரபரணித் தண்ணீர் குடித்து, இதே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவருக்கு என்னைவிடப் பல மடங்கு பென்ஷன் வந்தும் வரி இல்லை என்றால், அது எந்த நியாயத்தில்? சார் மீது கோபம் இல்லை. சட்டத்தைத்தான் கேட்கிறேன்.


பொருநைக்கரை
3 ஆகஸ்ட் 2025, மாலை 4.30

டீச்சர், உங்கள் கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் என்று ஒன்று, நிகரச் சம்பளம் என்று ஒன்று இருக்கும். நடுவில் ஒரு பெரிய தொகையை அமைப்பே பிடித்துக்கொள்ளும். அது ஐ.நா.வின் உள்வரி மாதிரி. அந்தப் பணம் வரிச் சமன் நிதி என்ற கணக்கில் சேரும். அதில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் பங்கு உண்டு. ஊழியர்களிடம் வரி வாங்காத நாடுகளுக்கு, அவை ஐ.நா.வுக்குக் கட்ட வேண்டிய சந்தாவில் அந்தப் பங்கு கழிந்துவிடும். வரி வாங்கும் நாடுகளில் முக்கியமானது அமெரிக்கா. அந்நாட்டு ஊழியர் கட்டும் வரியை இந்த நிதியிலிருந்துதான் ஈடு செய்கிறார்கள். அதாவது என் சம்பளத்தில் பிடித்ததில் இந்தியாவுக்கும் ஒரு பலன் போயிருக்கிறது.

எல்லா நாடுகளும் சேர்ந்து போடும் பணத்தில் ஒரு நாடு மட்டும் வரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஊழியர் எந்த அரசின் கைப்பிடியிலும் இருக்கக் கூடாது. இதுதான் விலக்கின் நோக்கம்.

ஆனால் நான் சொன்னதெல்லாம் சம்பளத்துக்கு. பென்ஷனில் அந்த உள்வரிப் பிடித்தம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அதே நோக்கம் பொருந்துமா என்று நீங்கள் கேட்டால், நீதிமன்றம் பொருந்தும் என்றது, வாரியமும் ஒப்புக்கொண்டது என்றுதான் என்னால் சொல்ல முடியும். உங்கள் மனத்தாங்கலுக்கு அது பதில் ஆகாது என்பதும் எனக்குத் தெரிகிறது.


ஜெனீவா அம்பை
3 ஆகஸ்ட் 2025, இரவு 8.10

நான் அம்பாசமுத்திரம். ஜெனீவாவில் ஐ.நா.வில் இருந்து ஓய்வு பெற்று, எல்லை தாண்டிப் பிரான்ஸ் பக்கம் இருக்கிறேன். டீச்சர் அக்கா கேட்டதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தச் சலுகை ஐ.நா. ஓய்வூதியர் எல்லாருக்கும் உலகம் முழுக்க இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். 1946 உடன்படிக்கையில் பென்ஷன் என்ற சொல் இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்கிறது. பிரான்ஸில் எனக்கு முழு வரி உண்டு. பக்கத்துச் சுவிட்சர்லாந்திலும் மாதப் பென்ஷனுக்கு வரி உண்டு, மொத்தத் தொகையாக எடுத்ததற்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் வரி உண்டு, நாம் சொந்தமாகப் போட்ட சந்தாவின் பங்குக்கு மட்டும் கழிவு கிடைக்கும். இதே ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பாருங்கள், அவர்கள் பென்ஷனில் ஒன்றியமே வரி பிடித்துவிடும், நாடுகள் தொட முடியாது. அங்கே பென்ஷன் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். எங்களுக்கு எழுதவில்லை.

ஒரே அலுவலகம், ஒரே அறை, ஒரே கிரேடு. என்னோடு வேலை பார்த்தவர் கல்லிடைக்குறிச்சியில் போய் இருக்கிறார், அவருக்கு வரி இல்லை. எனக்கு வருஷம் இரண்டு மாதப் பென்ஷன் வரியாகவே போகிறது. கடைசிச் சம்பளம் வரை வரி என்பதே தெரியாமல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு 62 வயதில் முதன்முதலாக வரிப் படிவம் நிரப்பினேன். அந்த முதல் வருஷம் பட்ட பாட்டை மறக்க முடியாது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.


திசையன்விளை
3 ஆகஸ்ட் 2025, இரவு 8.31

பென்ஷன் நிதியே வரியைப் பிடித்துக்கொண்டு அனுப்பாதா அண்ணாச்சி?


ஜெனீவா அம்பை
3 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

அனுப்பாது தம்பி. 1949இல் தொடங்கிய நிதி அது, ஐ.நா.வோடு உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், தொழிலாளர் நிறுவனம் என்று பலவற்றுக்கும் பொது. ஊழியர் பங்கு 7.9 சதவீதம், அமைப்பின் பங்கு 15.8 சதவீதம் என்று சேர்த்துவைத்துப் பென்ஷன் தருகிறது. வரி எதையும் பிடிக்காது, எந்த அரசுக்கு நாம் கட்டினாலும் திருப்பித் தராது. எங்கே இருக்கிறாயோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்பதுதான் அதன் நிலை. வருஷக் கணக்கு அறிக்கை மட்டும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.


ஜங்ஷன் ஆடிட்டர்
3 ஆகஸ்ட் 2025, இரவு 9.45

சொன்னபடி பணத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

2024-25க்கு நீங்கள் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை என்றால் நல்லது, கெடு செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள். இந்த வருஷம் பென்ஷனை விலக்கு பெற்ற வருமானமாகக் காட்டுங்கள். வரியே வராது.

பழைய வருஷங்களுக்குத் திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் தாண்டிவிட்டது. புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது கூடுதல் வரி கட்டத்தான், ரீஃபண்டு கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. மிச்சம் இருப்பது 119(2)(ஆ) பிரிவு. காலதாமதத்தை மன்னித்து ரீஃபண்டு கோர அனுமதி தாருங்கள் என்று மனுப் போடலாம். 2024 அக்டோபர் 1ஆம் தேதியிட்ட 11ஆம் எண் சுற்றறிக்கைப்படி, ஒரு கோடி ரூபாய் வரை உள்ள கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையரே முடிவு செய்யலாம்.

அதில் ஐந்து வருஷக் கெடு இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2018-19க்கு மதிப்பீட்டு ஆண்டு 2019-20, அது முடிந்தது 2020 மார்ச் 31. ஐந்து வருஷம் போன மார்ச் 31ஓடு முடிந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்துப் பணத்துக்கு இந்த வழி அடைபட்டது. 2019-20க்கு வரும் 2026 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. மற்ற நான்கு வருஷத்துக்கும் அதற்குப் பிறகு. ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஐந்து வருஷத்துக்கும் தனித்தனி மனுவாக இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

இப்படித் தாமதமாகக் கேட்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. கட்டிய தொகை மட்டும்தான் வரும்.


பொருநைக்கரை
4 ஆகஸ்ட் 2025, காலை 5.55

நான்கு மாதத் தாமதத்தில் ஒரு வருஷத்துப் பணம் போய்விட்டது என்று படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். சரி, போனது போகட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. நான்கு லட்சம் என்பது என் மனைவியின் இரண்டு முழங்கால் ஆபரேஷனுக்கு ஆன செலவு.

மனுவோடு என்னென்ன வைக்க வேண்டும் தம்பி?


ஜங்ஷன் ஆடிட்டர்
4 ஆகஸ்ட் 2025, காலை 8.20

பென்ஷன் நிதி உங்களுக்கு முதலில் அனுப்பிய பென்ஷன் நிர்ணயக் கடிதம், ஒவ்வொரு வருஷத்துக்கும் நிதியின் பட்டுவாடா அறிக்கை, அந்தப் பணம் வந்து விழுந்த வங்கிப் பாஸ்புக் பக்கங்கள், சர்வீஸ் சான்று, வரி கட்டிய சலான்கள், 293ஆம் எண் சுற்றறிக்கைப் பிரதி. அப்புறம் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தை நேராக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஆலோசனை தவறாகக் கிடைத்தது, அதை நம்பிக் கட்டினேன், இன்ன தேதியில் தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் போதும். நேர்மையாக வரி கட்டி வந்த மனிதர் என்பது உங்கள் ரிட்டர்ன்களிலேயே தெரியும், அது உங்களுக்குப் பெரிய பலம்.

வரி இல்லை என்றால் ரிட்டர்னே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நைரோபியிலோ நியூயார்க்கிலோ பழைய கணக்கு ஏதாவது உயிரோடு இருக்கிறதா? பலர் ஐ.நா. ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு கணக்கை விட்டு வைத்திருப்பார்கள்.


பொருநைக்கரை
4 ஆகஸ்ட் 2025, காலை 8.44

இருக்கிறது. அந்தக் கடன் சங்கத்தில் 6,000 டாலர் சொச்சம் கிடக்கிறது.


ஜங்ஷன் ஆடிட்டர்
4 ஆகஸ்ட் 2025, காலை 9.30

அப்படியானால் அண்ணாச்சி, வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டியே ஆக வேண்டும். சாதாரணமாக வசிப்பவர் ஆனபிறகு, வெளிநாட்டுக் கணக்கு இருந்தால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். எளிய முதல் படிவம் ஆகாது, இரண்டாம் படிவம். அந்தப் பட்டியலுக்குக் கணக்கு ஏப்ரல்-மார்ச் இல்லை, ஜனவரி-டிசம்பர். அந்தக் கணக்கில் வரும் வட்டிக்கும் இங்கே வரி உண்டு.

கறுப்புப் பணச் சட்டம் 2015இல் இதற்குத் தண்டத்தொகை பத்து லட்சம். இப்போது அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தண்டம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் தொகை அதற்குள்தான். ஆனாலும் காட்டிவிடுங்கள்.

அதேபோல் பென்ஷன் பணத்தை இங்கே வங்கியில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி சாதாரண வருமானம். விலக்கு பென்ஷனுக்கு மட்டும், அதன் குட்டிக்கு இல்லை.


கல்லிடை
4 ஆகஸ்ட் 2025, காலை 11.05

நானும் ஐ.நா. ஓய்வூதியன்தான். உரிமைச் சான்று விஷயத்தில் கவனம் அண்ணாச்சி. வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்ற உரிமைச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் இல்லையா? தபாலில் தவறிவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். எனக்கு ஒருமுறை மூன்று மாதம் நின்றது. இப்போது மொபைலில் முகம் காட்டிச் செய்யும் வழி 2021இலிருந்து இருக்கிறது. பேரன் செய்து தருகிறான்.

அடுத்த ஏப்ரலில் புது வருமான வரிச் சட்டம் வரப்போகிறதாமே, இந்த விலக்கு அதில் தப்புமா?


ஜங்ஷன் ஆடிட்டர்
4 ஆகஸ்ட் 2025, காலை 11.40

விலக்கின் வேர் வருமான வரிச் சட்டத்தில் இல்லை, 1947 சட்டத்தில் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன். அந்தச் சட்டத்தைத் தொடாதவரை வேர் அப்படியே இருக்கும். இந்த விலக்கு இருப்பது வேறு சட்டத்தில் என்பதால் புதிய வரிமுறையா பழைய வரிமுறையா என்பதும் இதைப் பாதிக்காது.


லண்டன் கடையம்
4 ஆகஸ்ட் 2025, மாலை 6.15

பொருநை அண்ணாச்சியின் மகள் கூப்பிடுகிற விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இங்கே கணக்கு வேலைதான் பார்க்கிறேன்.

அண்ணாச்சி, இந்தியாவின் சுற்றறிக்கை ஹீத்ரோவைத் தாண்டி வராது. இங்கே வரி வருஷம் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. அதில் 183 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். ஐ.நா. பென்ஷன் வெளிநாட்டுப் பென்ஷனாக வரிக்கு வரும். முன்பு பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, 2017 ஏப்ரலிலிருந்து அதுவும் இல்லை.

ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 6 முதல், முந்தைய 10 வருஷம் பிரிட்டனில் வசிக்காதவர்கள் புதிதாக வந்தால் முதல் நான்கு வரி வருஷங்களுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு கோரலாம். கோரினால் இங்குள்ள தனிநபர் வரியில்லா வரம்பு போய்விடும். இங்கே வேறு வருமானம் இல்லாத உங்களுக்கு அது நஷ்டம் இல்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு முழு வரி.

விசா கிடைப்பது தனிக் கஷ்டம், அதை மகள் விசாரிக்கட்டும். என் யோசனை, குளிருக்கு முன்னால் வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஆனால் நாள் கணக்கு 183க்குக் கீழே இருந்தாலும், வீடு, உறவு, முந்தைய வருகை எல்லாம் பார்த்து வசிப்பவர் என்று சொல்ல இங்கே விதி உண்டு. அதனால் வருஷா வருஷம் வந்து போன தேதிகளை எழுதி வையுங்கள்.


பாளை டீச்சர்
5 ஆகஸ்ட் 2025, காலை 7.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சட்டம் ஏன் இப்படி என்று புரிகிறது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. விலக்கு தந்தால் ஒரு வரம்பு வைத்துத் தரலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் தந்ததை ஒரு மனிதர் தெரியாமல் இழப்பது சரியே இல்லை. சார், மனுவின் தமிழ் வரைவு வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். 33 வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த கை.


பொருநைக்கரை
5 ஆகஸ்ட் 2025, காலை 8.05

டீச்சர், மிக்க நன்றி. மனு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ஏன் தாமதம் என்ற அந்த ஒரு பக்கம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. எழுத உட்கார்ந்தால் புலம்பலாகப் போகிறது. அதை மட்டும் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள், அதைப் பார்த்து நான் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்கிறேன்.

நிர்ணயக் கடிதம் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்துவிட்டது. 2019-20 சலான் ஒன்றைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன்.


ஜங்ஷன் ஆடிட்டர்
5 ஆகஸ்ட் 2025, காலை 8.30

சலானுக்குக் கவலைப்படாதீர்கள் அண்ணாச்சி. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து அந்த வருஷத்து 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கு அறிக்கையை எடுத்தால் கட்டிய வரி எல்லாம் அதில் இருக்கும்.


திசையன்விளை
5 ஆகஸ்ட் 2025, காலை 9.10

கடைசியாக ஒன்று. என் மாமனார் வாஷிங்டனில் உலக வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வள்ளியூரில் இருக்கிறார். அவருக்கும் இந்த 293 செல்லுமா?


ஜங்ஷன் ஆடிட்டர்
5 ஆகஸ்ட் 2025, காலை 9.50

அதை அப்படியே நீட்டிவிடாதீர்கள் தம்பி. உலக வங்கிக்குத் தனி ஓய்வூதியத் திட்டம், ஐ.நா. நிதியில் அது சேராது. அதன் ஒப்பந்தத்தில் வரி விலக்கு எழுதியிருக்கும் இடத்திலேயே உள்நாட்டுக் குடிமக்கள் நீங்கலாக என்று இருக்கிறது. 293 பேசுவது ஐ.நா. பென்ஷனைப் பற்றி. மாமனாரின் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஜங்ஷன் பக்கம் வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அவர் ரிட்டர்னைப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். செப்டம்பர் 15 வரை நேரம் இருக்கிறது.